மந்தியின் மணிக்கட்டு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் பூவாலி என்றொரு மந்தி தன் குட்டியோடு வாழ்ந்தது. எதிலும் அவசரம் அதற்கு.

ஒருநாள் உளுத்த கிளை ஒடிந்து பூவாலி கீழே விழுந்தது. விழும்போது வலக்கையை ஊன்றிவிட்டது. மணிக்கட்டு புடைத்துக் கோணிக்கொண்டது.

காட்டு வைத்தியரான நாரை வந்தது. அலகு நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தது.

“இங்கே வலிக்கிறதா?”

“ஐயோ! உயிர் போகிறது!”

“எலும்பு முறிந்திருக்கிறது” என்றது நாரை. கையை இழுத்து நேராக்கி, மூங்கில் பத்தை வைத்துக் கொடியால் கட்டியது. “ஒன்றரை மாதம் இதை அவிழ்க்கக் கூடாது. விரல்கள் மரத்துப்போனால் உடனே என்னைக் கூப்பிடு.”

“ஒன்றரை மாதமா? தண்ணீர் வற்றுகிறது. பத்து நாளில் எங்கள் கூட்டம் காட்டோரத்துப் பெரிய பள்ளத்தைத் தாவி அக்கரைக்குப் போகிறதே!”

“குட்டியை உன் தங்கையிடம் கொடுத்தனுப்பு. உனக்கு வேண்டிய தண்ணீரை நான் கொண்டுவருகிறேன். கை கூடியதும் நீ போய்ச் சேர்ந்துகொள்.”

பூவாலிக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் அந்த வழியாகக் கரடி வந்தது. தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அதன் நினைப்பு.

“விரல் அசைகிறதா?” என்று கேட்டது.

“அசைகிறது.”

“அப்படியானால் முறிவாவது ஒன்றாவது! வெறும் சுளுக்கு. நான் உருவிவிட்டால் ஒன்பதே நாளில் தாவலாம்.”

கட்டுக்குள் எலும்பு நறநறப்பது பூவாலிக்குத் தெரிந்தது. ஆனாலும் கரடியின் பேச்சு இனித்தது. தானே பல்லால் கொடியைக் கடித்து அவிழ்த்தது.

கரடி எண்ணெய் பூசி அழுத்தி உருவியது. பூவாலி அலறியது.

“சுளுக்கு இறங்கும்போது வலிக்கத்தான் செய்யும்” என்றது கரடி. ஒன்பது நாளும் அப்படியே நடந்தது.

பத்தாம் நாள் கூட்டம் பள்ளத்தின் விளிம்பில் கூடியது. பூவாலியின் வலக்கை இன்னும் வலித்தது. கடைசி நொடியில் குட்டியைத் தங்கையின் மடியில் திணித்தது. தங்கை தாவி அக்கரை சேர்ந்தது.

பின்னாலேயே பூவாலியும் தாவியது. கிளை கைக்கு எட்டியது. கையால்தான் பற்ற முடியவில்லை. முட்புதர்களில் உருண்டு பள்ளத்துக்குள் விழுந்தது.

நாரை பறந்து வந்து கையைத் தொட்டுப் பார்த்தது.

“திரும்பக் கட்டிவிடுங்கள், வைத்தியரே. இந்த முறை அவிழ்க்கமாட்டேன்.”

“கட்டுகிறேன். வலி குறையும். ஆனால் எலும்பு நொறுங்கிவிட்டது, அம்மா. இனி இந்தக் கை கிளையைப் பிடிக்காது.”

“நான் விரலைத்தான் பார்த்தேன்...” என்று முனகிய கரடி, அதுவரை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நகர்ந்தது.

தாகத்தோடு நின்ற கூட்டத்தால் காத்திருக்க முடியவில்லை. சில நாள் மட்டும் அக்கரையிலிருந்து குட்டி கூப்பிட்டது. இக்கரைச் சரிவில் மெல்ல ஏறிவந்த பூவாலியும் அங்கிருந்து குரல் கொடுத்தது. கூட்டம் மலைக்குள் செல்லச் செல்ல, குட்டியின் குரல் தேய்ந்தது. பிறகு ஒருநாள் பூவாலி எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை.

நீதி: உள்ளதை உள்ளபடி சொல்லும் மருத்துவரை விட்டு, நம் ஆசைக்கேற்பப் பேசுபவரை நம்பினால், ஆறக்கூடிய காயமும் ஆறாமல் போகும்.