முயல் அறுத்த லில்லி இலைகள்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு முயலும் ஒரு காட்டெருமையும் அக்கம்பக்கமாக வசித்தன.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கோடையின் முதல் மழைக்கு யார் வாசலில் அதிக லில்லி பூக்கிறதோ, அந்தக் குடும்பம்தான் அந்தக் கோடை முழுவதும் குளத்தில் முதலில் தண்ணீர் குடிக்கும். கோடையில் குளம் வற்றிவிடும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த நீர், பிறகு வருபவருக்குச் சேறு.

அந்த ஆண்டு முயலின் பாத்தியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பூக்கள் நெருக்கியடித்துப் பூத்தன. முயலின் குட்டிகள் தெளிந்த நீர் குடித்தன. முயலுக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்தியில் கழித்த பொடிக் கிழங்குகளை எருமையிடம் கொடுத்தது.

"அண்ணே, உங்கள் வாசலிலும் நாலு பூ இருக்கட்டுமே!"

எருமை அவற்றைச் சேற்றில் மிதித்துப் புதைத்தது. அதோடு மறந்தும் போனது.

பூக்கள் உதிர்ந்தன. பாத்தியில் வெறும் இலைகள் நின்றன. மரத்திலிருந்து மைனா எட்டிப் பார்த்தது.

"என்ன முயலம்மா, வாசலில் புல் மண்டிக் கிடக்கிறது?"

"புல் இல்லையடி, லில்லி இலை!"

"எதுவானால் என்ன? தலை வாராத மாதிரி இருக்கிறது!"

முயலுக்குச் சுருக்கென்றது. அன்றே எல்லா இலைகளையும் பல்லால் அறுத்து எறிந்தது. மழைக்காலத்தில் இலைகள் மீண்டும் துளிர்த்தன. துளிர்க்கத் துளிர்க்க அறுத்தது.

"இப்போதுதான் வாசல் பளிச்சென்று இருக்கிறது!" என்றது மைனா.

"அங்கே பார் எருமை வாசலை! இலை பழுத்துத் தொங்குகிறது. அண்ணன் குனிந்து ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை!" என்று முயல் சிரித்தது.

மறுகோடை வந்தது. முதல் மழைக்கு முன், பொழுது சாயும் நேரத்தில், முள்ளம்பன்றி ஒன்று முயலின் பாத்தியைத் தோண்டியது.

"திருடா! என் கிழங்கைத் தின்னாதே!" என்று முயல் பாய்ந்து வந்தது.

முள்ளம்பன்றி வாயிலிருந்ததைத் துப்பியது.

"சீ! இதைத் திருடியதற்கு நீதான் எனக்கு ஏதாவது தர வேண்டும்! போன வருஷம் வெங்காயம் மாதிரி கொழுகொழுவென்று இருந்ததே. இப்போது வெறும் சருகு!"

"நான் தினமும் சுத்தம் செய்தேனே!"

"இலையையா அறுத்தாய்? அடி அசடே! பூ போன பிறகு இலைதானே வெயிலில் நின்று கிழங்குக்குச் சோறு ஆக்குகிறது? சமைக்கிற கையை வெட்டிவிட்டுப் பந்திக்கு உட்கார்ந்திருக்கிறாய்!"

முயலின் முகம் வாடியது. முள்ளம்பன்றி பசியோடு வேறு பக்கம் போனது.

மழை பெய்தது. முயலின் பாத்தியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, அதுவும் கோணலாக. எருமையின் வாசலிலோ பழுத்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு கூடை கூடையாகப் பூக்கள்!

"இதெல்லாம் எப்போது முளைத்தது?" என்று எருமையே வியந்தது.

அந்தக் கோடையில் எருமைதான் முதலில் குளத்தில் இறங்கியது. குடித்தது, அப்படியே படுத்துக்கொண்டது.

"அண்ணே, குட்டிகளுக்குத் தாகம்! கொஞ்சம் எழுந்திருங்கள்!"

"எழுந்தால் இன்னும் கலங்குமே, தங்கச்சி!"

குட்டிகள் சேற்று நீரை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தன.

வாசலில் அந்த ஒற்றைப் பூ உதிர்ந்து, இலைகள் மெல்லத் தலை நீட்டின. மைனா வழக்கம்போல் வந்து உட்கார்ந்தது.

"முயலம்மா, மறுபடியும் மண்ட ஆரம்பித்துவிட்டதே!"

"மண்டட்டும்! ஓர் இலையைத் தொட்டாலும் உன் வாலைக் கடித்துவிடுவேன்!" என்றது முயல்.

பார்வைக்கு அழகில்லை என்று நமக்குச் சோறு போடுவதை வெட்டி எறிந்தால், பிறகு அழகும் இருக்காது, சோறும் இருக்காது.