குழிக்கரையும் குளக்கரையும்

ஒரு காட்டில் இரண்டு சபைகள் இருந்தன, பிள்ளைகளே. கடவுள் ஒருவர்தான், குளமும் ஒன்றுதான், சபை மட்டும் இரண்டு.

மேட்டுக்கரைச் சபைக்கு எருமை போதகர். சபையில் சேர வருகிறவரைக் குளத்தில் இறக்கி, தலை மறைய முக்கி எடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. மருத மரத்தடிச் சபையார் தங்கள் ஊழியரை ஐயர் என்பார்கள்; அங்கே நாரை ஐயர். குட்டி பிறந்த கொஞ்ச நாளிலேயே அதன் நெற்றியில் அலகால் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிடுவார்.

"விவரம் தெரியாத குட்டிக்கு எதுக்கு இது?" என்பார் போதகர்.

"விவரம் கேட்டுட்டா கடவுள் சேத்துக்கிடுதாரு?" என்பார் ஐயர்.

இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் இதை ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசியதே இல்லை. அவரவர் சபையில், அவரவர் ஆட்கள் தலையாட்ட, பேசிக்கொண்டதுதான்.

அந்தக் காட்டில் ஒரு மிளா, அதாவது பெரிய காட்டுமான், இருந்தாள். அவள் ஐயரின் சபை. அவள் புருஷன் கொம்பன், போதகரின் சபை. அவள் மருத மரத்தடிக்குப் போனால் அவன் வெளியே இலை மென்றபடி காத்திருப்பான். அவன் மேட்டுக்கரைக்குப் போனால் அவள் காத்திருப்பாள். இதனால் அவர்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

மழையில் பாறை வழுக்கி, கொம்பன் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான்.

காட்டுப்பன்றிகள் குழி தோண்டின. இரண்டு சபையாரும் கூடினார்கள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊழியர் ஜெபம் பண்ணி முதல் மண்ணைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் மண் தள்ளலாம். அதுவரை உடல் குழிக்கரையில்தான் கிடக்கும். பொழுது சாய்ந்தால் நரிக்கூட்டம் வந்துவிடும். அதற்குள் புருஷனை முழுசாக மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும் என்று மிளாவுக்கு ஒரே தவிப்பு.

"ஐயரே, நீங்க ஜெபம் பண்ணுங்க. போதகரய்யா, நீங்க முதல் மண்ணைப் போடுங்க. எங்களுக்கு ரெண்டு பேருமே வேணும்," என்றாள்.

இருவரும் சரி என்றார்கள். ஆமாம், பிள்ளைகளே, முதலில் சரி என்றுதான் சொன்னார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவன்போல ஒரு நரியும் அங்கே நின்றிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போதகரின் காதருகே போனான்.

"போதகரய்யா, சொல்லவே நாக்கு கூசுது. உங்க முழுக்கு வெறும் குளியலாம். எருமை தண்ணியில கெடக்குறது என்ன பெரிய அதிசயமான்னு கேக்காரு ஐயரு."

போதகரின் மூக்கு விடைத்தது. "அப்படியா சொன்னாரு?"

நரி குழியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான்.

"ஐயரே, மனசு கேக்கல. நாலு சொட்டு தெளிச்சா சபையாயிருமா, அப்போ பனியில நனைஞ்ச புல்லும் சபைதானேன்னு சிரிக்காரு போதகரு."

ஐயரின் கழுத்து விறைத்தது. "சிரிச்சாரா?"

இருவருக்கும் நடுவில் ஒரு குழியின் அகலம்தான் இருந்தது. 'நீர் இப்படிச் சொன்னீரா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

"நனையாத தலை ஜெபம் பண்ணுமாம், அதுக்கு நான் மண்ணு போடணுமாம்!" என்று உறுமினார் போதகர்.

"சேத்துல பெரளுற கால் தொட்ட மண்ணு இங்க யாருக்கு வேணும்?" என்று சிறகை அடித்தார் ஐயர்.

முக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், தெளிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்தது. மண் தள்ள நின்ற பன்றிகள்கூட ஆளுக்கொரு பக்கம் போய் நின்றுகொண்டன.

"ஐயா, பொழுது சாயுது," என்றாள் மிளா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "துக்கம் நடக்குற எடத்துல நின்னு சத்தம் போடலாமா? செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தண்ணி வழக்கைத் தண்ணிக் கரையில வச்சுப் பேசுங்க. சபையாரும் சாட்சிக்குப் போங்க."

மரியாதையைப் பற்றி நரி பாடம் நடத்தினான். ஊழியக்காரர்கள் இருவரும் கேட்டுக்கொண்டார்கள்! போதகர் முன்னால் நடந்தார், ஐயர் மேலே பறந்தார், கூட்டம் பின்னாலேயே ஓடியது. குழிக்கரையில் மிளாவும் அவள் புருஷனின் உடலும் மட்டும் மிஞ்சினார்கள்.

நரி தலையைத் தூக்கி ஒரு ஊளையிட்டான். புதருக்குள் காத்திருந்த அவன் சொந்தபந்தம் எல்லாம் வெளியே வந்தது.

மிளா குளம்பை ஓங்கினாள். முன்னால் வந்த நரியை உதைத்தால் பின்னால் ஒன்று இழுத்தது. பின்னால் திரும்பினால் முன்னால் ஒன்று கடித்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மிளா கத்தினால் காடே விழித்துக்கொள்ளும். ஆனால் குளக்கரையில் அவர்கள் போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் கத்தினாள். மறுபடியும்.

மூச்சு வாங்குவதற்காக இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடியபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

போதகர் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வந்தார். ஐயர் நரிகளின் கண்ணைக் குறிவைத்து இறங்கினார். நரிக்கூட்டம் சிதறி ஓடியது. ஆனால் கொம்பனின் பின்னங்கால் ஒன்றும் அவர்களோடு போய்விட்டது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றார் ஐயர், மூச்சிரைக்க.

"நானும் சிரிக்கல. அந்த நரிப்பயதான்..." என்று தொடங்கினார் போதகர்.

"நரிய ஏன் வையுதீங்க?" என்றாள் மிளா. அவள் குளம்பைத் தரையில் ஓங்கி மிதித்தாள். "அவனுக்குப் பசி. அவன் வேலைய அவன் பாத்துட்டான். உங்க வேலைய யாரு பாத்தா?"

போதகர் கொம்பால் தாங்கி உடலை மெல்லக் குழிக்குள் இறக்கினார்.

"ஜெபம்..." என்று மெல்ல வாயெடுத்தார் ஐயர்.

"இவ்வளவு நேரம் பேசுனது போதும். வாய மூடிட்டு மண்ணைத் தள்ளுங்க."

முதல் மண்ணை மிளாவே போட்டாள். வழக்கம் என்னாவது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. போதகர் கொம்பால் தள்ளினார், ஐயர் அலகால் தள்ளினார். ஒரே குழியில் இருவர் தள்ளிய மண்ணும் கலந்து விழுந்தது.

குழி மூடியதும் போதகர் தயங்கித் தயங்கிப் பேசினார். "ஐயரே, தெளிக்கிறது போதும்னு எனக்கு இப்பவும் படல."

"முக்குனாத்தான் ஆச்சுன்னு எனக்கும் படல," என்றார் ஐயர். "நாளைக்கு மேட்டுக்கரைக்கு வாரேன். நீரு சொல்லுறத முழுசாக் கேக்கேன். பொறவு நான் சொல்லுறத நீரு கேளும்."

"வாரும். நடுவுல பேச மாட்டேன்," என்றார் போதகர்.

மிளா மண்மேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதை அப்பவே பேசியிருந்தா, அவரு முழுசாப் போயிருப்பாரு," என்றாள்.

நீதி: ஒருவருடைய நம்பிக்கை உனக்கு உடன்பாடில்லை என்றால் அவரிடமே மரியாதையாகக் கேட்டுப் பேசு, நடுவில் நிற்பவன் சொல்லைக் கேட்டுச் சண்டை போட்டால், உங்களை நம்பி வந்தவருக்குத்தான் சேதம்.