படாமல் ஒரு வாக்கியம்

"நிராகரிக்கப்பட்டுவிட்டது அம்மா" என்றான் சீடன்.

"யார் நிராகரித்தது?" என்றார் குரு.

"சிஸ்டம்."

மாசிலாமணி காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரி. விடுமுறை நாளில் மட்டும் சீடன். குருவுக்கும் அவன் வயதுதான். சம்மணமிட்டு மோர் கடைந்துகொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"அந்தோணி என்று ஒரு பரோட்டா மாஸ்டர். நரம்புச் சுருட்டு. காலில் புண் வைத்துவிட்டது. நாங்கள் சம்மதித்தால்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இல்லையென்றால் கால் போய்விடும் என்கிறார் டாக்டர். பணம் கட்ட வழியில்லாமல் இன்றைக்கு மூட்டை கட்டுகிறார்கள்."

"சம்மதிக்க வேண்டியதுதானே?"

"நடக்க முடியவில்லை என்கிறார். காலடிகளை எண்ணக் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரமோ நாள் முழுக்க நடக்கிறார் என்கிறது. பொய் என்று முடிவு செய்யப்பட்டது. தகவல் அனுப்பப்பட்டது. அவர் மனைவி போனில் அழுதது பதிவு செய்யப்பட்டது."

மத்து நின்றது.

"எத்தனை பட்டதுப்பா! யார் இந்தப் பட்டது? உன் ஆபீஸில் எந்த நாற்காலியில் உட்காருகிறான்?"

"அப்படி ஆள் யாரும் இல்லை அம்மா."

"கடிகாரம் வேவு பார்க்கும் என்று அந்தோணிக்குத் தெரியுமா?"

"சம்மதம் பெறப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. கடைசியில் விரலை வைத்திருக்கிறார்."

"படித்துவிட்டா?"

"அதை யார் படிப்பார்கள்? நானே படித்ததில்லை."

குரு தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியில் மோர் வழிந்தது.

"படாமல் ஒரு வாக்கியம் சொல்."

"சிஸ்டம் நிராகரித்தது."

"பட்டனை அழுத்தினது?"

"அது... என் பெயரில்தான் போகும். ஆனால் சிஸ்டம் சொன்னதை மாற்றினால் மேலே விளக்கம் கேட்பார்கள். நான் வெறும்..."

"போதும். கையைக் காட்டு."

அவன் கையிலும் அதே கடிகாரம். கழற்றித் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு குரு மறுபடி கடைய ஆரம்பித்தார்.

அவன் காத்திருந்தான். கயிறு வந்தது, போனது. வந்தது, போனது.

"அம்மா!"

குரு கயிற்றை இழுத்துக்கொண்டேயிருந்தார்.

"ஒருத்தர் கால் போகப் போகிறது என்கிறேன். நீங்கள் பாட்டுக்கு மோர் கடைகிறீர்கள்!"

"எனக்கா கோபம் வரவில்லை?" என்றார் குரு. கையை நிறுத்தவில்லை.

வெண்ணெய் திரண்டது. கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்தது. குரு கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் எழுத்து ஓடியது.

சபாஷ்! நல்ல நடை. நிறுத்தாதீர்கள்!

மாசிலாமணி அதைப் படித்தான். மடங்கிக் கிடந்த குருவின் கால்களைப் பார்த்தான். வந்ததிலிருந்து அவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை.

பரோட்டாக் கல்லுக்கு முன்னால் மாவை வீசி வீசி அடிக்கும் இரண்டு கைகள் அவனுக்குள் ஓடின.

"அடப்பாவி" என்றான்.

"யாரை?" என்றார் குரு.

அவன் போனை எடுத்தான். குரு மறுபடி கடையத் தொடங்கினார். மணி நெடுநேரம் அடித்தது.

"அந்தோணி வீட்டம்மாவா? இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து. உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்..."

மத்து நின்றது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான்தான் நிராகரித்தேன்ம்மா. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நான் வருகிறேன்."