இரண்டாவது ஆடு

உலகம்மாள் அன்றைக்குப் பால் கொண்டுபோகவில்லை. பயிருக்குப் போடுகிற குருணை மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எமனுக்கு அது போதும்.

மேற்கு மலையடிவாரத்தில் ஆவுடைச் சாமிக்கு ஒரு குடிசை. சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளைவிடப் பத்து வயது இளையவர், முன்னே லாரி ஓட்டியவர். ஆனாலும் ஏழு வருஷமாக அவளுக்கு அவர்தான் குரு. வெள்ளிக்கிழமை தவறாமல் பாலோடு வந்து, மனசில் கிடப்பதைக் கேட்டுவிட்டுப் போவாள்.

"சாமி, கொன்னதைக் கொன்னா பாவமா?"

"என்ன நடந்தது, தாயி?"

"சிறுத்தை என் கருப்பியை அடிச்சிட்டு. இன்னைக்கு விடியக்காலம் பட்டிக்குள்ள பாய்ஞ்சு, ஓடைக்கரை வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டு. நாங்க சத்தம் போடவும் போட்டுட்டு ஓடிட்டு. தாயில்லாக் குட்டி சாமி அவ. புட்டிப்பால் குடுத்து வளர்த்தேன். வயித்துல ரெண்டு குட்டி வேற."

முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தைத் தரையில் வைத்தாள். அடித்ததைத் தின்ன சிறுத்தை திரும்பி வரும் என்பது ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். கறியில் இதைத் தூவிவிட்டால் தீர்ந்தது கதை. இன்னும் முப்பத்தெட்டு ஆடு பட்டியில் நிற்கிறது. அவளுக்கும், பேறுகாலத்துக்கு வந்திருக்கிற மகளுக்கும் அதுதான் சோறு.

சாமி பொட்டலத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியளா?"

"எங்க? காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை."

சாமி ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, இரண்டு சின்ன வெங்காயம் வைத்து நீட்டினார். வாசம் பட்டதும் பசி குபீரென்று கிளம்பியது. ஒரு வாய்தான் குடித்திருப்பாள். சாமி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உலகம்மாள் திருதிருவென்று விழித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். வயிறு கேட்கவில்லை. தானே எழுந்துபோய்ப் பானையிலிருந்து வேறொரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள்.

"என்ன தாயி, கேக்காம எடுக்கிய?"

"நல்லாருக்கே சாமி! குடுத்ததைப் பிடுங்கிட்டு, எடுத்தவளைக் குத்தம் சொல்லுதியளா? பசிக்குதுல்லா!"

"குடிங்க, குடிங்க. போன வாரமும் ஒரு ஆடு போச்சாமே?"

"ஆமா, வெள்ளைக் கிடா. மேய்ச்சல்ல, குளத்துக்கரையில வச்சு அடிச்சது."

"அதை என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? சிறுத்தையை வெரட்டிட்டுக் கிடாயைத் தூக்கிட்டு வந்துட்டோம். உடம்பு சூடாத்தான் இருந்தது. கூறு போட்டுத் தெருவுக்கே குடுத்தோம். வளர்த்தவ நான் இருக்க, அதுக்குப் போயி ஒரு முழுக் கிடாயை..."

கையிலிருந்த கஞ்சியைப் பார்த்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

காட்டு மிருகம் அடித்த ஆட்டை அந்த ஊரில் யாரும் தொடுவதில்லை. 'காட்டுக்குப் போனது காட்டுக்கு' என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வழக்கத்தை முதலில் மீறியவள் இவள்தான். துணிச்சல்காரி என்று ஊரே சொன்னது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பொட்டலத்தை மெல்லச் சாமியின் பக்கம் தள்ளினாள்.

"அப்போ கருப்பியைக் கொன்னது நானா, சாமி?"

"சிறுத்தைதான் கொன்னது. அந்தப் பழியை நீங்க சுமக்க வேண்டாம். பட்டிக்கு முள்ளு வெட்டி வேலியை உயர்த்தணும். நானும் வாரேன்."

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமி தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் கைகூப்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு சாமி. என் பிள்ளை ஓடைக்கரையில நாதியத்துக் கிடக்கா. ஒரு குழி தோண்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சுப் புதைச்சிட்டு வந்துருதேன். அதுக்காவது விடுங்க."

சாமிக்கும் கண் கலங்கியது.

"இவளையாவது அது முழுசாத் தின்னட்டும், தாயி."