உறுமல் நின்ற காடு

மலைச்சரிவில் ஒரு சின்னக் காடு இருந்தது. அந்தக் காட்டுக்குள்ளே ஏதோ ஒன்று உறுமும்.

அது என்னவென்று அங்கே மேய வரும் மிருகங்களில் யாரும் பார்த்ததில்லை. காட்டின் நடுவே ஒரு பெரிய பாறை. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அந்தப் பக்கமிருந்து "கர்ர்ர்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான், மேய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயில் இருக்கிற தழையைக்கூட மெல்லாமல் அடிவாரத்துக்கு ஓடிவிடுவார்கள். மறுநாள் விடிந்த பிறகுதான் திரும்ப ஏறுவார்கள். அடிவாரத்தில் ஒரு குட்டை இருந்தது. சுற்றிலும் முரட்டுப் புல் இருந்தது. மிச்சப் பொழுதை அதை வைத்துத் தள்ளிவிடுவார்கள்.

எல்லோரையும்விட அதிகம் பயந்தவள் செவந்தி என்கிற கேளையாடு, நாய் போலக் குரைக்கும் சின்ன மான். அவளுக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தான். உறுமலுக்கு முன்பே அவள் காதைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

ஊசியன் என்ற முள்ளம்பன்றிக்கு மட்டும் இதெல்லாம் எரிச்சல். மரப்பட்டையை ருசித்துக் கடிக்கும் நேரம் பார்த்து ஓட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பான். ஒருநாள் உறுமல் கேட்டபோது அவன் ஓடவில்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முள்ளெல்லாம் சிலிர்க்க, பாறைக்குப் பின்னால் மெல்லப் போய் எட்டிப் பார்த்தான்.

புலியும் இல்லை, பூதமும் இல்லை. பாறைக்குள்ளே ஊறி நிரம்பிய தண்ணீர், ஒரு இடுக்கு வழியாகக் கொப்பளித்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் உறுமல். கொட்டிய தண்ணீர் நேரே அடிவாரத்துக் குட்டைக்கு ஓடியது.

ஊசியன் விழுந்து விழுந்து சிரித்தான். கீழே போய் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான். மொத்தையன் என்ற காட்டுப்பன்றிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தண்ணீருக்கா பயந்து ஓடினோம் என்று நினைத்தான். வெட்கம் கோபமானது. கோபம் பசியானது.

செவந்தி மட்டும் தயங்கினாள். "தண்ணியாவே இருக்கட்டும் ஊசியண்ணே. அது உறுமினதும் இறங்கிட்டு வந்தோம், யாரு வயிறு காஞ்சு போச்சு?"

"உனக்குப் பயந்து பயந்தே பழகிப்போச்சு, தாயி" என்றான் ஊசியன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு உறுமல் கேட்டாலும் யாரும் கீழே இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மேய்ச்சல்தான். மந்திகள் தளிரைத் துளிர்க்கவே விடவில்லை. மொத்தையன் கூட்டம் கிழங்குக்காக வேர்வரை தோண்டியது. ஊசியன் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பட்டையை உரித்தான். உரித்த மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. நிழல் போனது. மண் வெயிலில் வெந்து இறுகியது.

ஒருநாள் உச்சிப் பொழுதில் செவந்தி காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உறுமலைக் கேட்டபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

குட்டை சுருங்கிச் சேறானது. பிறகு சேறும் வெடித்தது. இனித் தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆற்றுக்குத்தான் போக வேண்டும். அது சீழ்க்கையடித்து வேட்டையாடும் செந்நாய்களின் இடம். மொத்தையன் தன் கூட்டத்தோடு முதலில் போனான். திரும்பி வந்தபோது குட்டிகளில் பாதி இல்லை. அவன் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

செவந்தியின் குட்டிக்கு நாக்கு வறண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் அவளும் அவனை நடத்திக்கொண்டு போனாள். குட்டி ஆற்றில் வாய் வைத்த நேரம், புதருக்குள் ஒரு சீழ்க்கை கேட்டது. எதிர்ப்பக்கம் இன்னொரு சீழ்க்கை. செந்நாய்கள் வளைத்துவிட்டன.

"நாணலுக்குள்ள படு. நான் வர்ற வரைக்கும் மூச்சுகூட விடாதே" என்றாள் செவந்தி. பிறகு திறந்த வெளியில் குதித்து, உரக்கக் குரைத்துக்கொண்டே வேறு திசையில் ஓடினாள். செந்நாய்கள் அவள் பின்னால் பாய்ந்தன.

குட்டி நாணலுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அம்மாவின் குரல் தூரத்தில் போய்த் தேய்ந்து, அப்புறம் கேட்கவே இல்லை. வெயில் இறங்கும் நேரத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். பின்னங்காலில் சதை தொங்கியது. அன்றைக்குப் பிறகு அவள் நொண்டித்தான் நடந்தாள்.

கடைசியில் மழை வந்தது. எல்லோரும் குதித்தார்கள். ஆனால் மழைத் தண்ணீர் மொட்டைச் சரிவில் ஒரு நொடி நிற்கவில்லை. மண்ணை அடித்துக்கொண்டு செக்கச் செவேலென்று ஓடி, குட்டையைச் சேற்றால் மூடிவிட்டுப் போனது. பாறை உறுமவில்லை. வேர் இருந்தால்தானே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறைக்குள் போய் ஊறும்!

ஊசியன் பாறை இடுக்கில் காதை வைத்துப் பார்த்தான். "ஒரே ஒரு தடவை உறுமு சாமி" என்று அழுதான்.

காடு மறுபடி முளைக்கட்டும் என்று அன்று முதல் யாரும் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. முரட்டுப் புல்லைத் தின்றார்கள், அரை வயிற்றோடு படுத்தார்கள். பயந்து பயந்து ஆற்றுக்குப் போய் வந்தார்கள். காட்டில் மெல்ல மெல்ல முளை விட்டது. முளை செடியாகி, செடி வேர் பிடித்தது. செவந்தியின் குட்டிக்குக் கொம்பும் முளைத்துவிட்டது. அதற்குள் எத்தனை பேர் ஆற்றங்கரையில் போய்ச் சேர்ந்தார்களோ!

ஒரு நல்ல மழைக்காலம் முடிந்த பிறகு, உச்சி வெயிலில் "கர்ர்ர்" என்று சத்தம் கேட்டது.

மொத்தையன் குலுங்கிக் குலுங்கி அழுதான். குட்டை நிறைந்தது. மறுநாள் விடிந்ததும் எல்லோரும் காட்டுக்கு ஏறிப் பயத்தோடு மேய்ந்தார்கள். உச்சியில் உறுமல் கேட்டதும் முதலில் திரும்பி ஓடியவன் ஊசியன்தான்.

"தண்ணிதானேம்மா அது. இன்னும் எதுக்குப் பயப்படுறோம்?" என்று கேட்டான் செவந்தியின் மகன்.

செவந்தி நொண்டிக்கொண்டே இறங்கினாள். "அது நின்னு போயிடுமோன்னுதான் பயம், கண்ணு."

காடு கொடுப்பதைத் தின்னலாம், ஆனால் அது மறுபடி கொடுக்கும் அளவுக்கு மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.