வழியில் நின்ற குழாய்

ஒரு குழந்தையின் நெஞ்சுக்குள் ஒரு நுரையீரல் இருந்தது. குழந்தை வெளியே வந்து வீறிட்ட நிமிடத்திலிருந்து மூச்சிழுக்கும் வேலை அதன் தலையில் விழுந்தது. வேலைகூடப் பரவாயில்லை. அதன் உயிரை வாங்கியது பக்கத்தில் நின்ற ஒரு பொடிக் குழாய்.

இதயத்தின் இரண்டு பெரிய குழாய்களை இணைக்கும் குறுக்குக் குழாய் அது. கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லாதவரை அது திறந்திருக்கும். பிறந்தபின் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஊர் உலகத்தில் அதுதான் வழக்கம்.

"இன்னும் கிளம்பலையா?" என்றது நுரையீரல்.

"கிளம்பிட்டே இருக்கேண்ணே."

"நேத்தும் இதைத்தான் சொன்னே. பிள்ளை பிறந்தாச்சு, உன் வேலை முடிஞ்சுது. சும்மா வழியில நிக்காதே."

"இல்லண்ணே, ரத்தம் வந்து..."

"ரத்தத்தை இதயம் அனுப்பும். நடுவுல நீ யாரு?"

சொல்ல வந்ததைச் சொல்ல விட்டால்தானே! குறுக்குக் குழாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூடிக்கொண்டது.

விட்டது சனியன் என்று நுரையீரல் காற்றை நிறைய இழுத்துக்கொண்டு காத்திருந்தது. ரத்தம் வரவில்லை. மறுபடியும் இழுத்தது. காற்று இருந்தது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

"தூங்குறியா அங்கே? ரத்தம் எங்கே?" என்று இதயத்திடம் கத்தியது.

"உன் பக்கம் திறக்கிற வாசல் எனக்குப் பிறவியிலேயே அடைச்சிருக்கு," என்றது இதயம், படபடவென்று அடித்துக்கொண்டே. "எல்லா ரத்தமும் உடம்புக்குப் போற பெரிய குழாயிலதான் போகுது. அதுலேர்ந்து உனக்குத் திருப்பிவிட்டது நீ விரட்டின அவன்தான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரைப் பேசவிட்டே நீ?"

வெளியே, பால் குடிக்காமல் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் மைமூனா ஓடினாள். "டாக்டரம்மா, உதடெல்லாம் நீலமாகுது."

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு நரம்பில் மருந்து ஏற்றினார். "ஒரு சின்னக் குழாய் மூடிக்கிச்சும்மா. ஆபரேஷன் பண்ணி வேற வழி போடுற வரைக்கும் அதைத் திறந்து வைக்கணும்."

மருந்து பட்டதும் குறுக்குக் குழாய் லேசாக அசைந்தது. "கிளம்பச் சொன்னீங்களேண்ணே," என்றது.

நுரையீரலுக்கு இப்போது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வழியில நிக்கிறேன்னு உன்னைத் திட்டினேன். திறந்துக்கப்பா," என்றது. "என் வழியே நீதான்."