வைரவநாதன் வீட்டுத் தளம்

"சாமி, என் வீட்டுத் தளம் வெடிச்சுப்போச்சு!"

வரும்போதே கத்திக்கொண்டு வந்தார் வைரவநாதன். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்க் குறை கண்டுபிடித்தவர். மனுஷன்தான் ஓய்வு பெற்றார், அந்தப் பழக்கம் பெறவில்லை.

சாமி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஓடாத பம்ப்செட் அறை ஒன்றில் குடியிருந்ததால் பம்ப்செட் சாமி என்று பெயர். சீடரான வைரவநாதனைவிட இருபது வயது இளையவர்.

"எப்ப போட்ட தளம்?"

"மாடிக்கு கான்கிரீட் போட்டு அஞ்சு நாள் ஆச்சு. மறுநாள் காலைல பார்த்தா மயிரிழை மாதிரி மூணு கோடு. 'வெயிலுக்கு வந்தது சார், பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினா சரியாயிடும்'னு கொத்தனார் சவரிமுத்து சொன்னான். கட்டவும் கட்டினான். இப்ப என்னடான்னா முப்பத்தெட்டு!"

"எண்ணினீங்களா?"

"எண்ணாம? ஒவ்வொண்ணுக்கும் சாக்பீஸால நம்பர் போட்டிருக்கேன். தண்ணி நின்னா கோடு தெரிய மாட்டேங்குது சாமி. அதனால தினம் விடிஞ்சதும் பாத்தியை உடைச்சு வடிச்சிடுவேன். தளம் நல்லாக் காய்ஞ்சதும் குடையைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்."

சாமி இட்லித் தட்டில் மாவை ஊற்றி, பானைக்குள் வைத்து மூடினார்.

"நாளைக்கு இடிக்க ஆள் சொல்லிட்டேன். சவரிமுத்து கண் கலங்கிட்டான். 'என் தளத்தை இதுவரைக்கும் யாரும் இடிச்சதில்ல சார்'ங்கறான். வீட்ல தெய்வானை அதுக்கு மேல. பதினாலு வாடகை வீட்ல குடியிருந்தவ. 'கடப்பாரை விழுந்தா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்'னு பெட்டி கட்டி வச்சிருக்கா. வீட்டைக் கட்டிப்பார்னு சும்மாவா சொன்னாங்க! நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"சாப்பிட்டீங்களா?"

"ராத்திரிகூடச் சாப்பிடல."

"இட்லி வேகுது. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

சாமி மூடியைத் திறந்து பார்த்தார். ஆவி குப்பென்று வெளியேறியது. இட்லியை விரலால் குத்தினார். மாவு ஒட்டியது.

"ம்ஹும்."

மூடினார். திறந்தார். குத்தினார்.

"ம்ஹும்."

மூடினார். திறந்தார்.

வைரவநாதனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. குருவின் வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"மாவு சரியில்லை போல" என்றார் சாமி. "ஆட்டிக் கொடுத்த அம்மாவை நாலு வார்த்தை கேட்டுட்டு வரணும்."

திறந்தார். குத்தினார்.

"பேசாம எல்லாத்தையும் கீழே கொட்டிடுவோமா?"

"அட, அந்த மூடியை வச்சுத் தொலைங்க சாமி!" வைரவநாதன் எழுந்தே விட்டார். "நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து திறந்து பார்த்தா எந்த ஊர்ல இட்லி வேகும்? இதுல மாவு ஆட்டினவங்க மேல வேற பழி…"

பாதியில் நின்றுவிட்டார். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

சாமி மூடியை எடுத்துப் பானையின் மேல் வைத்தார்.

வைரவநாதன் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார்.

அங்கே தெய்வானை பெட்டியோடு வாசலில் நின்றாள். சவரிமுத்து தன் கொத்துக்கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து, மேலே போய்ப் பாத்தியை அடைச்சுத் தண்ணியை நிறுத்துப்பா."

"இடிக்கலையா சார்?"

"இல்ல. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்க."

சவரிமுத்து ஏணியில் நாலே எட்டில் ஏறினார். தளம் முழுக்கத் தண்ணீர் நிறைந்ததும் இறங்கி வந்தார்.

வைரவநாதன் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"சவரிமுத்து, ஒரு உதவி. மூணு வாரத்துக்கு இந்த ஏணி உன் வீட்ல இருக்கட்டும். தண்ணி விட வரும்போது கொண்டு வா, போகும்போது எடுத்துட்டுப் போயிடு. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுத்துடாதே."

தெய்வானை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏணியின் மறுமுனையைத் தூக்கினாள்.